யார் வாசிப்பது? வயலினைப் பிரித்துக் கேட்கப் பழகுபவர்களுக்கு ஒரு வழி

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கூட வந்த தம்பி என் அலுவலகத்தில் வேலை செய்பவர், வயது 25 இருக்கும். நான் ஏதோ வயலின் பற்றிப் பேசப்போக, "எல்லா வயலினும் ஒரே மாதிரிதான் லா இருக்கு அண்ணே, யார் வாசிச்சா என்ன" என்றார். அந்த நேரம் பார்த்துக் கடை வானொலியில் பழைய பாட்டு ஒன்று தொடங்கியது. பல்லவியின் முதல் சொல் முடிவதற்குள் அவரே, "இது பி.பி.ஸ்ரீநிவாஸ்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "டி.எம்.எஸ்.னா கணீர்னு இருக்கும், இவரு மெத்துன்னு வருவாரு, சொல்லோட கடைசிய அப்படியே விட்டுருவாரு" என்றார். வயலின் கேட்க இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. கணீரா மெத்தா, கடைசியை எப்படி விடுகிறார்: இந்தக் கேள்விகளை ஒரு பாடகரிடமிருந்து எடுத்து வயலின்காரர் பக்கம் திருப்பிவிட வேண்டியதுதான். அன்றிலிருந்து அந்தத் தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இங்கேயும் சொல்கிறேன். நான் வித்வான் இல்லை, ரசிகன். வீட்டில் ஒரு வயலின் இருக்கிறது, அதை வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நாதம் என்பது ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டி வாசித்தாலே தெரிந்துவிடுகிற விஷயம், குரலின் நிறம் மாதிரி. பாணி என்பது அந்த நாதத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பது: எங்கே ஓடுகிறார், எங்கே வழுக்கிக்கொண்டு போகிறார், எங்கே மூச்சு விடுகிறார். புதிதாகக் கேட்பவர்கள் இரண்டையும் கோட்டைவிட்டு வேகத்தில் மயங்கிப்போவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கிடந்தேன். வேகமாக ஓடும் இடத்தில் பெரிய வித்வான்கள் எல்லோருமே அசத்துவார்கள், அங்கே யார் என்று சொல்வது கஷ்டம். மெதுவான இடத்தில்தான் ஆள் மாட்டுவார். அதனால் மெதுவான இடங்களாகவே தேடி எடுங்கள்.

அடுத்து, ஒரே உருப்படி, அதாவது ஒரே பாட்டு, அதில் ஒரே இடம், ஒரு நிமிடம். இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஒருவர் வாசித்த கல்யாணியையும் இன்னொருவர் வாசித்த பைரவியையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, முதலாமவர் உற்சாகமானவர், இரண்டாமவர் சோகமானவர் என்று முடிவுகட்டினால் அது ராகத்தைப் பற்றிய தீர்ப்பு, வாசித்தவரைப் பற்றியதே இல்லை. இசைத்தட்டு முழுவதையும் கேட்கவும் வேண்டாம். ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்து முதலாமவரை இரண்டு முறை, இரண்டாமவரை இரண்டு முறை, அப்புறம் மறுபடி முதலாமவரை ஒரு முறை. அந்த ஐந்தாவது முறைதான் காது திறக்கும், ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் திறக்கும்.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள், வயலினின் அடிக் கம்பி அதில் செத்துப்போய்விடும். சாதாரண கம்பி இயர்போன் போதும். கம்யூட்டர் ரயிலில் கேட்டுப் பார்த்தேன், சரிப்படவில்லை. மாலை 4 மணி மழை தகரக் கூரையில் விழும்போதும் சரிப்படாது. இரவு பத்துக்கு மேல், விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, என் சொந்த அனுபவத்திலிருந்து. எங்கள் பெரியப்பா கிள்ளானில் இருந்தவர், ஒரு பெட்டி நிறைய கேசட் விட்டுப்போனார். அதில் வயலின் வித்வான் எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் வாசித்த ஒன்றைப் போட்டுப் போட்டுக் கேட்டு, "இவர் நாதம் கொஞ்சம் கீச்சென்று இருக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக! பிறகு ஒருநாள் சும்மா ஸ்ருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தால் தம்புராவே அரைக் கட்டை மேலே நிற்கிறது. யாரோ ஒருவர் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு ஏற்றியபோது ஓட்டம் வேகமாகியிருக்கிறது. வேகம் கூடினால் ஸ்ருதி ஏறும், நாதம் மெலியும், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம்கூடப் பதற்றமாகக் கேட்கும். நான் குறை சொன்னது வித்வானை இல்லை, ஒரு பழைய டேப் ரெக்கார்டரை.

அதனால் ஒலிப்பதிவின் வயதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். 1925 வாக்கில்தான் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஒரு பெரிய கொம்புக்குள் வாசிக்க வேண்டும். அதில் மேல் ஒலியும் கீழ் ஒலியும் வெட்டுப்பட்டுப்போகும். வயலின் மேதை யோசெஃப் யோவாகிம் 1903இல் பதிவு செய்த சில தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன, 1831இல் பிறந்த மனிதர், பிராம்ஸ் தன் வயலின் கன்செர்ட்டோவை (வாத்தியக் குழுவோடு சேர்ந்து தனி வயலின் வாசிக்கும் உருப்படி) எழுதியதே அவருக்காகத்தான். அந்தத் தட்டுகளில் அவருடைய பாணியைக் கேட்கலாம், நாதத்தைக் கேட்க முடியாது. நம் பக்கம் வேறு தொல்லை. கச்சேரிகளில் வயலின் மேலேயே ஒட்டுகிற மைக் வந்த பிறகு, பல பதிவுகளில் நாம் கேட்பது மரத்தின் ஒலியைவிட அந்த மைக்கின் ஒலிதான். ஒருமுறை ஒரு மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரர் எதிரொலியை ஏற்றிவிட்டதில் அருமையான ஒரு கலைஞரின் வயலின் குகைக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது, பாவம் அவர் என்ன செய்வார்.

சரி, இப்போது காதை எங்கே வைப்பது?

எல்லோரும் இடது கையைப் பார்ப்பார்கள், விரல்கள் ஓடுவது கண்ணுக்கு அழகு. நீங்கள் வலது கையிலிருந்து தொடங்குங்கள். நாதத்தில் முக்கால்வாசி வில்லில் இருக்கிறது என்பது என் கட்சி. வில்லில் மூன்று சங்கதிதான்: எவ்வளவு வேகமாக இழுக்கிறார், எவ்வளவு எடை போடுகிறார், கம்பியில் எந்த இடத்தில் வைக்கிறார். குதிரைக்கு, அதாவது கம்பிகளைத் தூக்கி நிறுத்தும் மரத் துண்டுக்கு, பக்கத்தில் வில்லை வைத்தால் ஒலி கூர்மையாக, பளிச்சென்று, தூரம் போகிற மாதிரி வரும். விரல் பலகைப் பக்கம் நகர்த்தினால் புல்லாங்குழல் மாதிரி மெத்தென்று ஆகிவிடும். வேகமான வில்லில் காற்றோட்டம் இருக்கும். மெதுவான, கனமான வில்லில் அல்வா மாதிரி ஓர் அடர்த்தி. இதைக் கேட்டுப் பிடிக்க ஒரே வழி, ஸ்வரத்தின் நடுவை விட்டுவிட்டு இரண்டு ஓரங்களையும் கவனிப்பது. ஸ்வரம் எப்படித் தொடங்குகிறது, ஒரு சின்ன "க்" சத்தத்தோடா, பனி மாதிரியா? எப்படி முடிகிறது, கத்தரித்த மாதிரியா, கரைந்தா, அடுத்த ஸ்வரத்தின் தோளில் கை போட்டுக்கொண்டா? அந்தத் தம்பி சொன்ன "கடைசிய அப்படியே விட்டுருவாரு" இதேதான்.

பிறகு இடது கை. மேற்கத்திய வயலினில் நீட்டிப் பிடித்த ஸ்வரத்தில் விரலை ஆட்டுவார்கள், வைப்ராட்டோ என்று பெயர், நொடிக்கு சுமார் 5 முதல் 7 முறை. இந்த ஆட்டம் அகலமா குறுகலா, மெதுவா வேகமா, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதா அல்லது தேவைப்பட்ட இடத்தில் மட்டுமா: ஆளை அடையாளம் காட்ட இதைவிட நல்ல தடயம் கிடையாது. யோவாகிம் காலத்தில் அதை நகை மாதிரி, வேண்டிய இடத்தில் மட்டும் போட்டார்கள். வியன்னாக்காரர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் (1875–1962) ஏறக்குறைய எல்லா ஸ்வரத்திலும் அதை ஓடவிட்டார், ஓட்டமான இடங்களில்கூட. இன்று நாம் "வயலின் ஒலி" என்று மனதில் வைத்திருக்கும் அந்தத் தேன் குழைந்த ஒலிக்கு அவர் பங்கு பெரிது. (இதே கிரைஸ்லர் தான் எழுதிய பல சின்னச் சின்ன உருப்படிகளைப் பழைய மேதைகளின் பெயரில் உலவவிட்டு, 1935இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டார். விமர்சகர்களுக்கு மூக்கு உடைந்தது.)

இப்போது முதல் பயிற்சி. பாக் இரண்டு வயலின்களுக்காக எழுதிய டி மைனர் கன்செர்ட்டோ, அதில் நடுவில் வரும் மெதுவான பகுதி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டாம் வயலின் முதலில் ஒரு நீளமான வரியைத் தொடங்கும், இரண்டு தாள அளவு கழித்து அதே வரியை முதல் வயலின் கொஞ்சம் மேலே எடுத்துக்கொள்ளும். அதே வரி, அதே அறை, அதே மைக், கை மட்டும் வேறு. இதைவிட வசதியான பரிசோதனைக்கூடம் எங்கே கிடைக்கும்? யெஹூதி மெனுஹினும் டேவிட் ஓய்ஸ்த்ராக்கும் சேர்ந்து இதை வாசித்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் இணையத்தில் கிடைக்கிறது. முதல் தடவை பாருங்கள், இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஓய்ஸ்த்ராக்கின் வில் ஒரு கனத்தை வைத்துக்கொண்டே போகும், பெரிய மனிதர் நிதானமாகப் பேசுகிற மாதிரி. மெனுஹினுடைய ஒலியில் ஒரு நடுக்கம், ஒரு ஏக்கம் இருக்கும். சில இடத்தில் வில் கம்பியை விட்டு வழுவிவிடுமோ என்றுகூடத் தோன்றும், எனக்கு அந்த இடங்கள்தான் பிடிக்கும். பிறகு மெனுஹின் சிறுவனாக 1932இல் தன் குரு ஜார்ஜ் எனெஸ்குவோடு இதையே பதிவு செய்ததைக் கேளுங்கள்.

இது பழகிய பிறகு யாஷா ஹைஃபெட்ஸ் 1946இல் செய்த வேடிக்கையைக் கேட்கலாம். இரண்டு வயலின் பாகங்களையும் அவரே தனித்தனியாக வாசித்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தார். இரண்டு கை இல்லை, ஒரே கை இரண்டு முறை. மெனுஹின், ஓய்ஸ்த்ராக் பதிவில் யார் எப்போது பேசுகிறார் என்று காது தானாகப் பிரிக்கும். ஹைஃபெட்ஸ் பதிவில் கொஞ்ச நேரத்தில் பிடி நழுவிவிடும். அந்த நழுவல்தான் பாடம், ஏனென்றால் முன்னே பிரித்துக் காட்டியது எது என்று அப்போதுதான் புரியும்.

இரண்டாவது பயிற்சிக்கு சிபேலியஸ் எழுதிய வயலின் கன்செர்ட்டோவின் முதல் ஒரு நிமிடம். பின்னால் வாத்தியக் குழு மூடுபனி மாதிரி மெல்லச் சலசலத்துக்கொண்டிருக்க, வயலின் தனியாக நுழையும். மூன்று பேரை எடுங்கள்: ஹைஃபெட்ஸ் (1901–1987), ஓய்ஸ்த்ராக் (1908–1974), ஜினெட் நெவூ (1919–1949).

ஹைஃபெட்ஸ் நுழையும்போது கத்தி உறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கும். வேகமான வில், குதிரைக்கு நெருக்கமான இடம், குறுகலான துடிப்பான வைப்ராட்டோ. காலப்பிரமாணமும், அதாவது ஓட்டத்தின் வேகமும், மற்றவர்களைவிட விரசல். அவர் நடு இரண்டு கம்பிகளுக்கும் உலோகம் சுற்றாத குடல் நரம்பையே கடைசிவரை வைத்திருந்தார், அந்த லேசான சொரசொரப்பு கவனித்தால் காதில் விழும். மேடையில் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது, அதைப் பார்த்துவிட்டு "உணர்ச்சி இல்லாத மனிதர்" என்று சொல்பவர்கள் நிறைய. கண்ணை மூடிக்கொண்டு கேட்ட பிறகு அப்படிச் சொல்லட்டும் பார்ப்போம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் வழுக்கும் விதம், நாம் ஜாரு என்போமே அது, கடைசி நொடியில் பட்டென்று நடக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு எங்கே கேட்டாலும் அவர் பெயரைச் சொல்லிவிடலாம்.

ஓய்ஸ்த்ராக் அதே இடத்தில் அவசரப்படவே மாட்டார். ஒலி அகலமாக, வட்டமாக, அடிவயிற்றிலிருந்து வரும். ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகும், வில் மாறுவதே தெரியாது. உக்ரைனின் ஒடெசாவில் பிறந்தவர், அங்கே ஸ்தோல்யார்ஸ்கி என்ற ஆசிரியரிடம் படித்தார். அதே ஒடெசாவில் அதே ஆசிரியரிடம் தொடங்கியவர்தான் நாத்தன் மில்ஸ்டைன் (1904–1992), அவர் ஒலியோ மெலிந்து, தெளிந்து, கண்ணாடி டம்ளரில் வைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். "ரஷ்யப் பள்ளி, அதனால் இப்படி" என்று யாராவது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் இந்த இருவரையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

நெவூவைப் பற்றி ஒரு கதை. 1935இல் வார்சாவில் வீனியாவ்ஸ்கி பெயரில் நடந்த போட்டியில் 15 வயது நெவூவுக்கு முதலிடம். இரண்டாமிடம் 26 வயது ஓய்ஸ்த்ராக்குக்கு. நெவூ 30 வயதில் விமான விபத்தில் இறந்துபோனார். 1945இல் அவர் பதிவு செய்த சிபேலியஸ் இருக்கிறது. ஓய்ஸ்த்ராக்கின் நிதானமும் கிடையாது, ஹைஃபெட்ஸின் கூர்மையும் கிடையாது, வில்லை அப்படியே கம்பிக்குள் இறக்கி உழுகிற மாதிரி ஒரு வேகம். பதிவு பழசு, இரைச்சல் இருக்கும், அதைத் தாண்டிக் கேளுங்கள். எனக்கு இந்த மூன்றில் இதுதான். நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நம் பக்கம் வருவோம், இங்கேதான் நமக்கு உரிமை அதிகம்.

வயலின் நமக்கு வந்து இருநூறு வருடம் ஆகிறது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் மேற்கத்திய வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குத் திருப்பினார், தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் வடிவேலுவும் அதை வளர்த்தார். கருவி அதேதான், பிடிப்பதும் சுருதி கூட்டுவதும் வேறு. தரையில் உட்கார்ந்து, சுருள் முனையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துக்கொள்வதால் இடது கை கருவியைத் தாங்க வேண்டியதில்லை, மேலும் கீழும் இஷ்டத்துக்கு வழுக்கலாம். கம்பிகளும் ஸ, ப, ஸ, ப என்று நிற்கும், அதுவும் பாடுபவரின் கட்டைக்கு ஏற்ப இறக்கி. இறக்கும்போது கம்பியின் இறுக்கம் குறைகிறது, ஒலி கொஞ்சம் கறுத்துக் கனக்கிறது. இதை மறந்துவிட்டு ஓய்ஸ்த்ராக்கையும் நம் லால்குடி ஜெயராமனையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. வைப்ராட்டோ ஒரு ஸ்வரத்துக்கு மேல் பூசுகிற வண்ணம். கமகம் ஸ்வரத்தின் உடம்பு. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது க என்ற ஸ்வரத்தை, அசையாமல் நிறுத்தி வாசித்தால் அது தோடியே இல்லை.

பயிற்சி அதேதான். ஒரே ராகம், தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனையின் முதல் இரண்டு நிமிடம். தோடி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கல்யாணி. வயலின் மூவர் என்று சொல்வார்களே, டி.என்.கிருஷ்ணன் (1928–2020), லால்குடி ஜெயராமன் (1930–2013), எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் (1931–2013), மூவரும் மூன்று வருடத்துக்குள் பிறந்தவர்கள், ஒரே காலம், ஒரே சபாக்கள். ஒலியோ மூன்று ஊர்.

கிருஷ்ணனிடம் தொடங்குங்கள், புதியவர்களுக்கு அவர்தான் சுலபம். நீண்ட வில், அவசரமில்லாத ஓட்டம், சுத்தமான ஸ்ருதி. ஒரு பிரயோகத்தை, அதாவது ஒரு ஸ்வரக் கோவையை, வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் இடம் விடுவார், அந்த இடத்தில் தம்புரா கேட்கும். எதையும் நிரூபிக்க வேண்டிய தேவை இல்லாத வாசிப்பு. முதலில் கேட்டபோது எனக்கு "சாதாரணமாக இருக்கிறதே" என்று தோன்றியது. இப்போது வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்தால் போடுவது இவரைத்தான்.

லால்குடியை ஆலாபனையில் மட்டும் கேட்டால் போதாது, ஒரு கிருதியும் வேண்டும், அதுவும் உங்களுக்குச் சொல் தெரிந்த கிருதியாக இருக்கட்டும். சாகித்தியத்தில் எழுத்து எங்கே பிரிகிறதோ அங்கே அவர் வில் பிரியும். வாத்தியம் வார்த்தை பேசுகிறது என்று சும்மா புகழ்ச்சிக்குச் சொல்வார்கள். இவரிடம் நீங்களே கூடப் பாடிப் பார்த்துச் சரிபார்க்கலாம். நாதம் கிருஷ்ணனுடையதைவிட மெலிசு, கமகங்கள் இறுக்கம், வில் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரிந்து வரும். தாளத்தோடு விளையாடும் மூளை வேறு. அவர் பக்கவாத்தியமாக வாசித்த பழைய கச்சேரிகள் கிடைத்தால் விடாதீர்கள்: பாடகர் ஒரு பிரயோகத்தைப் பாடி முடித்ததும் அதன் கடைசி நுனியை மட்டும் பிடித்து இவர் எப்படி நீட்டுகிறார் என்று பாருங்கள். ஆனால் ஒருவருடைய பக்கவாத்தியத்தையும் இன்னொருவருடைய தனிக் கச்சேரியையும் ஒப்பிடாதீர்கள். பக்கவாத்தியத்தில் நல்ல வயலின்காரர் பாடகரின் குரலுக்கு ஏற்பத் தன் நாதத்தையே மாற்றிக்கொள்வார்.

கோபாலகிருஷ்ணன், எம்.எஸ்.ஜி. என்றால்தான் பலருக்குத் தெரியும், தன் தந்தை பரூர் சுந்தரம் ஐயரிடம் கற்றவர்; அந்த வழிக்கே பரூர் பாணி என்று பெயர். வில்லில் பலம் இருக்கும், மூன்று ஸ்தாயியிலும் விரல் வழுக்கி ஓடும், ஒரே விரலில் நீளமான சங்கதி முழுவதையும் வாசிப்பார். இந்துஸ்தானியும் வாசித்தவர், அதனால் சில ஸ்வரங்களில் நின்று நீளும்போது வடக்கின் சாயல் லேசாகத் தெரியும். மேல் ஸ்தாயியில்கூட ஒலி மெலியாமல் நிற்பதைக் கவனியுங்கள், என் கேசட்டை மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

இவர்களுக்கு முந்திய தலைமுறையில் இருவரையாவது தொட்டுப் பாருங்கள். துவாரம் வெங்கடசாமி நாயுடு (1893–1964), பார்வை மிகக் குறைந்தவர், வில்லைப் பயன்படுத்துவதில் மேற்கத்திய முறையைக் கவனித்து எடுத்துக்கொண்டவர், நீளமான நிறைந்த ஒலி. மைசூர் சௌடையா (1895–1967), மைக் இல்லாத மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று நான்கில் மூன்று கம்பிகளை இரட்டித்து ஏழு கம்பி வயலின் வாசித்தவர். அந்த ஒலியில் ஒரு முரட்டுத்தனம் இருக்கும், ஒருமுறை கேட்டால் மறக்காது. குன்னக்குடி வைத்தியநாதனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நம் ஊரில் அவரைத் தெரியாத வீடு குறைவு. தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள், ஆனால் "வயலினிலேயே இப்படியெல்லாம் பேசலாமா" என்று என் வயதுப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் அவர்தான்.

கொஞ்சம் பழகிய பிறகு ஒரு கடினமான பயிற்சி: குடும்பங்கள். டி.என்.கிருஷ்ணனின் தங்கை என்.ராஜம் இந்துஸ்தானி வயலினில் பெரிய பெயர். ஒரே வீட்டில் தொடங்கிய இரண்டு கைகள், ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. எது வீட்டிலிருந்து வந்தது, எது வழியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பாருங்கள். எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

கேட்கும்போது எழுதி வையுங்கள். ஒரு பழைய பள்ளி நோட்டுப் போதும், ஒரு பக்கத்துக்கு ஒருவர். ஒரு நிபந்தனை உண்டு: "இனிமை" என்ற சொல்லுக்குத் தடை. எல்லோரும் இனிமைதான், அந்தச் சொல்லால் யாரையும் பிரிக்க முடியாது. "அருமை", "அற்புதம்" இரண்டும் அதே ரகம். சாப்பாட்டுச் சொற்கள் நன்றாக வேலை செய்கின்றன, துணிச் சொற்களும். அந்தத் தம்பியின் நோட்டில் ஹைஃபெட்ஸ் பக்கத்தில் "எலுமிச்சை ஊறுகாய்" என்றும் ஓய்ஸ்த்ராக் பக்கத்தில் "பால்கோவா" என்றும் இருந்தது. மில்ஸ்டைனுக்கு "அயர்ன் போட்ட வெள்ளைச் சட்டை". எந்த விமர்சகரும் இதைவிடச் சரியாக எழுதிவிட முடியாது.

இவ்வளவும் இயர்போனில். நடுவில் ஒருமுறையாவது மைக் இல்லாத வயலினை நேரில் கேட்டுவிடுங்கள், அப்போதுதான் பதிவுகள் எதைத் தின்றுவிடுகின்றன என்று புரியும். கோலாலம்பூரில் இருந்தால் இதற்கு வசதியான இடம் இரட்டைக் கோபுரத்தின் அடியில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக் பெட்ரோனாஸ். 1998இல் மலேசிய ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு தொடங்கிய அரங்கு, நீளப் பெட்டி மாதிரி வடிவம், ஒலிபெருக்கி இல்லாமல் கேட்பதற்கென்றே கட்டியது. எல்.ஆர்.டி.யில் கே.எல்.சி.சி. நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வயலின் கன்செர்ட்டோ இருக்கிற நாளாகப் பார்த்து, இருப்பதிலேயே விலை குறைந்த சீட்டு எடுங்கள், ஒலி அங்கேயும் வரும். செருப்பும் அரைக்கால் சட்டையுமாகப் போகாதீர்கள். இன்னொன்று, பகுதிகளுக்கு இடையில் அங்கே கைதட்ட மாட்டார்கள். நம் சபாப் பழக்கத்தில் ஒருமுறை மெதுவான இடத்தில் என்னையும் அறியாமல் "ஆஹா" என்றுவிட்டேன். முன்வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆஹா சொல்ல ஆசையாக இருந்தால் பிரிக்பீல்ட்ஸிலேயே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பக்கம் போங்கள், 1981இலிருந்து நம் இசையும் நடனமும் சொல்லித்தரும் இடம், நிகழ்ச்சி எப்போது என்று விசாரித்துக்கொண்டு போனால் நல்லது. எங்கே போனாலும் சீக்கிரம் போய்விடுங்கள். ஸ்ருதி சேர்க்கும்போது வெறும் கம்பியில் வில்லை இழுப்பார்களே, அதில் விரலே கிடையாது, வில் மட்டும்தான், வலது கையைக் கேட்க அதைவிடச் சுத்தமான இடம் இல்லை.

கடைசியாகப் பரீட்சை. வீட்டில் யாரையாவது பிடித்து, பெயரைக் காட்டாமல் 30 நொடித் துண்டுகளாகப் பத்து போடச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்கெனவே கேட்ட பதிவுகளாக இருக்கக் கூடாது, இல்லையென்றால் காது நாதத்தை விட்டுவிட்டு இரைச்சலை வைத்து அடையாளம் சொல்லும், அது கள்ளாட்டம். பத்துக்கு மூன்று வந்தால் நல்ல தொடக்கம்.

போன வாரம் அதே கடைக்குப் போனபோது தம்பி இயர்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்து, "சொல்லுங்கண்ணே" என்றார். பாக், இரட்டை வயலின், மெதுவான பகுதி. கனமான வில், வட்டமான ஒலி, அவசரமில்லை. முதலில் நுழைந்தவரைக் கேட்டதும், "ஓய்ஸ்த்ராக்" என்றேன், யோசிக்கவே இல்லை. தம்பி சிரித்தார். "ஓய்ஸ்த்ராக்தான், ஆனா அப்பா இல்ல, மகன். இகோர். அப்பா இனிமேதான் வருவாரு." இரண்டு தாள அளவு கழித்து அப்பா வந்தார். அன்றைக்குச் சாப்பாட்டுக் காசு நான்தான் கொடுத்தேன்.